விஸ்டன் ஆண்டுப் புத்தகம்: ஒரு பௌலர் கடை வைத்து விற்ற சரக்கு

ஒவ்வொரு ஏப்ரலிலும் மஞ்சள் அட்டையோடு வருகிற இங்கிலாந்துக் கிரிக்கெட் ஆண்டுப் புத்தகமான விஸ்டனை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடலாம். ஸ்கோர்கார்டைப் பார்த்தே ஆட்டத்தை மனதில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் வாங்குங்கள். ஆனால் வருடாவருடம் புதுசு வாங்க வேண்டியதில்லை. உங்களுக்கு முக்கியமான வருடங்களைத் தேடிப் பிடியுங்கள், பழைய பிரதியே போதும். டிஎன்பிஎல் கணக்குக்காகவோ நம்மூர் முதல் டிவிஷன் லீக் முடிவுகளுக்காகவோ என்றால் காசைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதெல்லாம் இதில் கிடைக்காது.

முதலில் பொருளைப் பார்ப்போம். உயரம் சுமார் 16 செ.மீ., அகலம் 11 செ.மீ., பக்கங்கள் 1,500க்கு மேல். கையில் எடுத்தால் செங்கல் மாதிரி இருக்கும். தாள் மெல்லிசு, எழுத்து பொடிசு. நாற்பது தாண்டியவர்களுக்குக் கண்ணாடி இல்லாமல் சரிப்படாது. கெட்டி அட்டை, மென் துணி அட்டை என்று இரண்டு வகை உண்டு. இதே உள்ளடக்கம் பெரிய அளவிலும் வருகிறது. கண் சிரமப்படுபவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். மின்னூலாக வரும் ‘ஷார்ட்டர் விஸ்டன்’ வேறு சரக்கு. கட்டுரைகளும் அஞ்சலிக் குறிப்புகளும் அதில் இருக்கும், முழு ஸ்கோர்கார்டுகளை நம்பி வாங்கக் கூடாது. தலைப்பில் விஸ்டன் என்று இருப்பதைப் பார்த்து அதை வாங்கிவிட்டு ஏமாறுபவர்கள் உண்டு.

இந்தப் புத்தகம் ஏன் இப்படி இருக்கிறது, எதை விடாமல் தருகிறது, எதைத் தொடுவதேயில்லை என்பது புரிய வேண்டுமென்றால் அதை ஆரம்பித்த ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜான் விஸ்டன் எழுத்தாளரும் அல்ல, பத்திரிகைக்காரரும் அல்ல. பந்து வீசிப் பிழைத்தவர், பிறகு கடை வைத்தவர்.

1826 செப்டம்பர் 5இல் பிரைட்டனில் பிறந்தார். அப்பா கட்டடத் தொழில் செய்தவர். ஆள் குட்டைதான், உடம்பும் ஒல்லி. 1845இல் சசெக்ஸ் அணிக்கு ஆடத் தொடங்கினார். அந்தக் காலத்துப் பந்துவீச்சில் கை தோளுக்கு மேலே போகக் கூடாது, பக்கவாட்டில் சுழற்றித்தான் போட வேண்டும். அந்த ரவுண்ட்-ஆர்ம் முறையிலேயே வேகமாகப் போட்டவர் இவர். பந்து ஆஃப் பக்கத்திலிருந்து உள்ளே வெட்டும். 1850 ஜூலையில் லார்ட்ஸில் வடக்கு அணிக்கும் தெற்கு அணிக்கும் நடந்த ஆட்டத்தில், தெற்கின் இரண்டாம் இன்னிங்ஸில் பத்து விக்கெட்டும் இவருக்கே. பத்தும் போல்டு. கேட்ச் பிடிக்க ஆள் தேவைப்படவில்லை. முதல்தர ஆட்டத்தில் ஒரே இன்னிங்ஸில் பத்துப் பேரையும் போல்டாக்கிய இன்னொருவர் இன்றுவரை இல்லை. அத்தனை பெரிய காரியத்துக்கும் எத்தனை ரன் கொடுத்தார் என்ற கணக்கு மிஞ்சவில்லை. பந்துவீச்சுக் கணக்கை முறையாக எழுதி வைக்கும் வழக்கம் அப்போது இன்னும் வேரூன்றவில்லை. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டு அவருடைய புத்தகத்தைத் திறந்தால், ஒவ்வொரு எண்ணையும் அச்சில் ஏற்றிவிட வேண்டும் என்ற அந்தப் பிடிவாதத்தின் அருமை தெரியும்.

தெற்குக் கரையில் இருக்கும் சசெக்ஸின் ஆள் ஏன் வடக்குக்கு ஆடினார் என்றால் அதற்கும் தொழில்தான் காரணம். ஜார்ஜ் பார் என்ற பேட்ஸ்மேனோடு சேர்ந்து லெமிங்டனில் ஒரு மைதானம் நடத்திவந்தார். அந்த உரிமையில்தான் வடக்கு அணி. 1852இல் ஜெம்மி டீனோடு சேர்ந்து யுனைட்டெட் ஆல்-இங்கிலாந்து லெவன் என்று தனி அணியே கட்டினார். முன்பிருந்த அணியை நடத்திய வில்லியம் கிளார்க் ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த சம்பளம் போதவில்லை என்பது பிரிந்து வந்ததற்கு முக்கியக் காரணம். ஹாரோ பள்ளியில் பயிற்சியாளர் வேலையும் பார்த்தார். 1859இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட முதல் வெளிநாட்டுச் சுற்றுப்பயண அணியில் இடம்பெற்று வட அமெரிக்கா போனார். வாதநோய் கையைக் கட்டிப்போட, 1863இல் ஆட்டத்தை விட்டார். அதற்குள் 1,109 முதல்தர விக்கெட்டுகள்.

கடைக் கதைதான் நமக்கு முக்கியம். 1855இல் பிரெட் லில்லிவைட் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து லண்டன் கவன்ட்ரி தெருவில், ஹேமார்க்கெட் பக்கம், கடை திறந்தார். பேட், பந்து, ஸ்டம்ப், காலுறை ஒரு பக்கம், சுருட்டு இன்னொரு பக்கம். 1858இல் கூட்டு முறிந்தது. இதில் கவனிக்க வேண்டியது, லில்லிவைட் அதற்கு முன்பே வருடாந்திரக் கிரிக்கெட் கையேடு ஒன்றைப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார் என்பது. பழைய கூட்டாளியின் சரக்குக்கு எதிராகத்தான் விஸ்டன் 1864இல் தன் புத்தகத்தை இறக்கினார். விலை ஒரு ஷில்லிங், பக்கம் 112. தோளுக்கு மேலே கையை உயர்த்திப் பந்து வீச விதி இடம் கொடுத்ததும் அதே 1864இல்தான்.

முதல் பதிப்பைப் பார்த்தால் சிரிப்பு வரலாம், ஆனால் அது நல்ல வியாபாரியின் வேலை. ஸ்கோர்கார்டுகள் இருக்கின்றன, ஆட்டத்தைப் பற்றிய கருத்து ஒரு வரிகூடக் கிடையாது. அதைத் தவிர்ப்பதாக அவரே சொல்லிவிடுகிறார். காரணம் லேசாகப் புரியும். புத்தகம் வாங்குபவனும் ஆட்டக்காரன், பேட் வாங்குபவனும் ஆட்டக்காரன், யாரையும் குறை எழுதிப் பகைத்துக்கொள்ளக் கூடாது. மிச்சப் பக்கங்களை நிரப்பக் குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த குதிரைகள், இங்கிலாந்து உள்நாட்டுப் போர்களின் தேதிகள், கால்வாய்களின் நீளம், முதலாம் சார்லஸ் மன்னரின் வழக்கு என்று கலந்துகட்டிப் போட்டிருக்கிறார். நம்மூரில் பஞ்சாங்கத்துக்குள் ரயில் நேரமும் பல்லி விழும் பலனும் சேர்ந்து வருகிற முறைதான். 1872இல் கடையைக் கிரான்போர்ன் தெருவுக்கு மாற்றினார். 1884 ஏப்ரல் 5இல் அந்தக் கடை இருந்த வீட்டிலேயே புற்றுநோயால் இறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடை மேலாளராக இருந்த ஹென்றி லஃப் வியாபாரத்தை வாங்கி நடத்தினார்.

சென்னையில் இதே காலத்தையொட்டி வந்த ஆளை நினைக்காமல் இருக்க முடியாது. புச்சி பாபு நாயுடு (1868–1908) பாரி கம்பெனியின் துபாஷ் (வெள்ளைக்காரருக்கும் உள்ளூர்க்காரருக்கும் இடையில் நின்ற வியாபாரத் தரகர்) குடும்பத்துப் பிள்ளை. வியாபாரத்தில் வந்த பணத்தைக் கிரிக்கெட்டில் கொட்டினார். 1888இல் மெட்ராஸ் யுனைட்டெட் கிளப் தொடங்கி, இந்தியர்களைச் சேர்க்காத வெள்ளைக்கார கிளப்புக்கு எதிரே நிற்க ஆள்களைத் தயார் செய்தார். விஸ்டனுக்குக் கிரிக்கெட்தான் கடைக்கு முதலீடு. புச்சி பாபுவுக்குக் கடைதான் கிரிக்கெட்டுக்கு முதலீடு. ஆனால் அவர் தலைமையில் நம்மூர்ப் பையன்கள் ஆடிய ஆட்டங்களுக்கு வருடாவருடம் ஷில்லிங்குக்கு ஸ்கோர்கார்டு அச்சடித்து விற்க இங்கே ஒரு விஸ்டன் இல்லை. அது பெரிய நஷ்டம். எத்தனையோ இன்னிங்ஸ் அப்படியே போய்விட்டது.

இனி புத்தகத்தைப் பயன்படுத்தும் விதம். எதிர்பார்த்த ஆட்டம் இல்லையே என்று முதல்முறை வாங்குபவர்கள் தடுமாறுவது அட்டையில் இருக்கும் வருடத்தால்தான். 2024 என்று போட்டிருந்தால் அதில் இருப்பது 2023 இங்கிலாந்துக் கோடை. பழைய பதிப்புகளில் வெளிநாட்டுக் குளிர்கால ஆட்டங்கள் இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போகும். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சம ரன்னில் முடித்த சேப்பாக்கம் டை டெஸ்ட் 1986 செப்டம்பரில் நடந்தது. அது 1986–87 சீசன் கணக்கு என்பதால் 1988 பதிப்பில் பார்க்க வேண்டும். இந்திய லெக் ஸ்பின்னர் ஹிர்வானி சேப்பாக்கத்தில் 136 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்த 1988 ஜனவரி ஆட்டத்துக்கு 1989 பதிப்பு. நடந்த வருடத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாங்கினால் காசு வீண்.

அந்த டை டெஸ்டின் கடைசி இன்னிங்ஸை எடுத்துக்கொள்வோம். விஸ்டன் ஸ்கோர்கார்டை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. இந்தியாவுக்கு இலக்கு 348. கவாஸ்கர் 90, நம்ம ஸ்ரீகாந்த் 39, அமர்நாத் 51, அசாருதீன் 42, பண்டிட் 39, கபில் 1, சாஸ்திரி ஆட்டமிழக்காமல் 48, சேத்தன் சர்மா 23, மோரே 0, யாதவ் 8, மணிந்தர் 0. கூட்டினால் 341. உதிரி 6: பை 1, லெக் பை 3, நோ-பால் 2. மொத்தம் 347. அடுத்து ஆஸ்திரேலியாவின் பந்துவீச்சு வரிசைக்கு வாருங்கள், ஒவ்வொருவரும் கொடுத்த ரன் இது. மெக்டர்மாட் 27, ரீட் 48, பிரைட் 94, மேத்யூஸ் 146, பார்டர் 12, வா 16. கூட்டினால் 343. பௌலர் கணக்கில் ஏறாத பை, லெக் பை நான்கைச் சேர்த்தால் 347. இரண்டு பக்கமும் நேராகிறது. நோ-பால் இரண்டையும் மறுபடி சேர்க்கக் கூடாது, அவை பௌலர் கணக்கிலேயே ஏறிவிட்டன.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். 1980களின் நடுப்பகுதிக்கு முந்தைய ஸ்கோர்கார்டுகளில் வைடும் நோ-பாலும் பௌலர் தலையில் எழுதப்படுவதில்லை. அவற்றைத் தனியாகச் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

மேத்யூஸின் ஓவர் கணக்கு 39.5 என்று இருக்கிறது. அந்தப் புள்ளி ஐந்துதான் ஆட்டத்தின் முழு நாடகம். கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணிந்தர் எல்பிடபிள்யூ, இன்னும் ஒரு பந்து வீசப்படாமலே மிச்சம். பிரைட் 5, மேத்யூஸ் 5 என்பதால் பத்தும் சுழற்பந்துக்குப் போனது, வேகப்பந்துக்காரர்களுக்கு ஒன்றும் இல்லை என்பது ஒரே பார்வையில் தெரிகிறது. ஐந்தாம் நாள் சேப்பாக்கம் ஆடுகளம் எப்படி இருந்திருக்கும் என்று இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டாம். ஆனால் முதல் இன்னிங்ஸில் 210 அடித்த ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றிக்கொண்டதை எண்கள் சொல்லாது. அதற்கு ஸ்கோர்கார்டுக்கு மேலே வரும் ஆட்ட அறிக்கையையும் படிக்க வேண்டும். நிறுவனர் ஒதுக்கி வைத்த ‘கருத்து’ பின்னால் வந்தவர்கள் கையில் புத்தகத்தின் பாதி பலமாகிவிட்டது. சிட்னி பார்டன் 1891 முதல் 1925 வரை ஆசிரியராக இருந்த காலம் அதற்கு அடித்தளம்.

மிகப் பழைய பதிப்புகளைப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இங்கிலாந்தில் 1889க்கு முன்பு ஓவருக்கு நான்கு பந்து, பிறகு ஐந்து, 1900இலிருந்துதான் ஆறு. 40 ஓவர் என்று பார்த்தவுடன் 240 பந்து என்று பெருக்கினால் தப்பு.

இணையத்திலும் விஸ்டனிலும் எண்கள் வேறுபடுவதைப் பார்த்து எது சரி என்று சண்டை போடுபவர்கள் நிறைய. பழைய இங்கிலாந்து பேட்ஸ்மேன் டபிள்யூ.ஜி. கிரேஸ் அடித்த முதல்தர ரன் விஸ்டன் மரபுக் கணக்கில் 54,896, சதம் 126. கிரிக்கெட் புள்ளிவிவரக்காரர்களின் சங்கம் ஏற்கிற கணக்கில் 54,211, சதம் 124. இன்னொரு இங்கிலாந்து பேட்ஸ்மேன் ஜாக் ஹாப்ஸுக்கு விஸ்டனில் 197 சதம், சங்கத்தில் 199. கூட்டல் தப்பு அல்ல. எந்தெந்த ஆட்டம் முதல்தரம் என்ற பட்டியலே இரண்டு இடத்திலும் வேறு. விஸ்டன் பழைய பட்டியலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு கட்டுரையில் இரண்டு மூலங்களிலிருந்தும் கலந்து எடுத்தால் கட்டாயம் மாட்டிக்கொள்வீர்கள். ஒன்றையே பிடித்துக்கொண்டு எழுதுங்கள்.

‘ஆண்டின் ஐந்து வீரர்கள்’ என்ற கௌரவமும் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. உலகத்தின் சிறந்த ஐவர் என்று அதற்குப் பொருள் இல்லை. முந்தைய இங்கிலாந்துக் கோடையில் ஆடியதைப் பார்த்தே பெரும்பாலும் தேர்வு, அதுவும் வழக்கப்படி ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே முறை. அதனால்தான் இந்தியாவின் சி.கே. நாயுடு 1932 இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்துக்குப் பிறகு 1933 பதிப்பில் வருகிறார். இங்கிலாந்தில் சோபிக்காதவர் சேப்பாக்கத்தில் மலையையே புரட்டினாலும் அந்தப் பட்டியலில் வருவது கஷ்டம். உலக அளவிலான தேர்வு 2004 பதிப்பிலிருந்து தனியாக வருகிறது; கோலி மூன்று முறை வாங்கியது அதைத்தான். இங்கிலாந்தை நடுவில் வைத்துத்தான் இந்தப் புத்தகம் உலகத்தைப் பார்க்கிறது. ரஞ்சிக் கோப்பைக்குக் கிடைக்கிற இடம் ஒரு சாதாரண இங்கிலீஷ் கவுண்டிக்குக் கிடைக்கிற இடத்தோடு ஒப்பிட்டால் வருத்தமாகத்தான் இருக்கிறது. 1934 நவம்பர் 4இல் முதல் ரஞ்சி ஆட்டமே சேப்பாக்கத்தில், மெட்ராஸுக்கும் மைசூருக்கும் நடந்து, ராம்சிங் 11 விக்கெட் எடுத்து ஒரே நாளில் முடித்துவைத்த ஊர் இது.

எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி ‘பிழை திருத்தம்’. எந்த வருடப் பதிப்பில், எந்தப் பக்கத்தில், எது தப்பு என்று பிந்தைய பதிப்பில் அச்சிடுகிறார்கள். பழுதான சரக்கை மறுபேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுக்கிற கடைக்காரரின் நாணயம் அது. பழைய பதிப்பை நம்பி எதையாவது எழுதுபவர்கள் அடுத்தடுத்த சில வருடங்களின் திருத்தப் பகுதியையும் பார்த்துவிட வேண்டும்.

வாங்கும் விஷயத்துக்கு வருவோம். புதுப் பிரதி இங்கிலாந்து விலையில் ஐம்பது பவுண்டுக்கு மேல். எடை அதிகம் என்பதால் தபால் செலவும் கடிக்கும். அண்ணா சாலையின் பெரிய புத்தகக் கடைகளில் வரவழைத்துத் தருவார்களா என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு இணையத்தில் விலை பாருங்கள். திருவல்லிக்கேணி பாரதி சாலை, லஸ், சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் வளாகம் ஆகிய பழைய புத்தகக் கடைகளில் 1980, 90களின் பிரதிகள் எப்போதாவது தட்டுப்படும். பேரம் பேசும் முன் பார்க்க வேண்டியவை உண்டு. புத்தகத்தை முதுகு கீழே வருமாறு உள்ளங்கையில் வைத்து மெதுவாகத் திறந்து, நடுவில் பிளவு தெரிகிறதா பாருங்கள். இவ்வளவு தடிமனான, குட்டையான புத்தகத்துக்கு முதல் அடி விழுவது முதுகில்தான். பிறகு படத்தாள். 1889 முதல் வீரர்களின் புகைப்படங்கள் தனி வழவழப்புத் தாளில் வருகின்றன. அதைக் கிழித்து எடுத்துவிட்டு விற்பது பழைய வழக்கம். முன்னும் பின்னும் விளம்பரப் பக்கங்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கடைக்காரர் போட்ட புத்தகத்தில் விளம்பரமும் சரக்கின் பகுதிதான், அது இல்லாவிட்டால் மதிப்பு குறையும். அந்தக் காலத்து பேட் விலையும் காலுறை விலையும் அங்கேதான் கிடைக்கும்.

1938க்கு முந்தைய சாதா பிரதிகள் தாள் அட்டை போட்டவை, தொட்டால் உதிரும். கெட்டி அட்டை 1896இலிருந்து உண்டு. அட்டையில் தொப்பிக்காரர்கள் ஆடும் மரச்செதுக்குப் படம் எரிக் ரவிலியஸ் வரைந்தது, 1938இல் வந்தது. புகைப்படம் முன்பக்கம் ஏறியது 2003இல். ஆகவே அந்த மரச்செதுக்குப் படத்தோடு யாராவது ‘1920ஆம் வருடத்து ஒரிஜினல்’ என்றால் நடையைக் கட்டுங்கள். 19ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளுக்கு மறுபதிப்புகள் நிறைய உண்டு. தாள் வெளுப்பாக, எழுத்தின் ஓரம் தடித்துத் தெரிந்தால் அது நகல். படிப்பதற்கு நகலே தாராளம். நகலுக்கு அசல் விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

சென்னையில் வைத்துக் காப்பாற்றுவது தனி வேலை. அலமாரியில் சாய்த்து வைத்தால் உள்தாள்களின் கனம் அட்டையைப் பிய்த்துக்கொண்டு கீழே இறங்கும். படுக்கை வசமாக வையுங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரம் வாங்கி உப்பும். பழைய பைண்டிங்கின் மாவுப் பசையைத் தேடி ராமபாணப் பூச்சி வரும். பீரோவில் வசம்புத் துண்டும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். ஜெல்லை மழைக்காலத்தில் அடிக்கடி மாற்ற வேண்டும். பாச்சை உருண்டை போடுவதானால் துணியில் முடிந்து தனியாக வையுங்கள், அட்டையில் பட்டால் கறை. புத்தகம் நனைந்துவிட்டால் வெயிலில் காயப்போடாதீர்கள், மஞ்சள் வெளுத்து அட்டை வளையும். வழவழப்புப் படத்தாள்கள் ஈரத்தோடு ஒட்டிக் காய்ந்தால் பிறகு பிரிக்கவே முடியாது. ஈரமாக இருக்கும்போதே இடையிடையே பட்டர் பேப்பர் செருகி, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். உடனே செய்ய நேரமில்லை என்றால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, நேரம் கிடைக்கும்போது எடுத்துச் செய்யலாம். பூஞ்சை பிடிக்காது.

ஒரே ஒரு பிரதிதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் எங்கள் சிபாரிசு 1988. சேப்பாக்கம் டை டெஸ்ட் அதில் இருக்கிறது. கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் 1913ஆம் வருட ஐம்பதாவது பதிப்பின் மறுபதிப்பைத் தேடுங்கள். அந்த வருடம் ஐந்து வீரர்களுக்குப் பதிலாக ஒரே ஒருவரைத்தான் கௌரவித்தார்கள், ஜான் விஸ்டனை.